கோயில் மூட்டையைப் பிரிப்பது எப்படி: டர்பனில் பிளாஸ்டிக் பழகுவோருக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், மாரியம்மன் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் கோயில் மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். கறுப்புப் பைகள் ஜன்னல் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். தண்ணீர் பாட்டில், கூல்டிரிங் பாட்டில், பால் கேன், தயிர் கப், தெர்மாகோல் பெட்டி, அரிசிச் சாக்கு, பந்தலிலிருந்து கிழிந்த தார்ப்பாய், எங்கிருந்து வந்ததென்றே தெரியாத ஒரு முழம் குழாய். இதை வகை பிரித்துக் கொடுத்தால் மறுசுழற்சிக்காரர் எடை போட்டுக் காசு கொடுப்பார். கலந்து கொடுத்தால் தொடவே மாட்டார்.

ஒவ்வொரு வருடமும் பிரிக்கிற வேலைக்குப் புது ஆட்கள் வருகிறார்கள். ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள், பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் நின்றுவிடும் அப்பாக்கள். எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "எல்லாம் பிளாஸ்டிக்தானே, எதற்குப் பிரிக்க வேண்டும்?" வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நான் வேதியியல் படித்துவிட்டு, பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் குருணையாக்கும் பட்டறையில் காலம் தள்ளுகிறவன். தெரிந்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில் பூக்கட்டும் கதை

சாமந்தி மாலை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். நார் ஒன்று, அதில் வரிசையாகப் பூ. பிளாஸ்டிக்கும் ஏறக்குறைய அப்படித்தான். நார் இருக்கும் இடத்தில் கார்பன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைகோத்து நிற்கின்றன, ஆயிரக்கணக்கில். பாடப்புத்தகம் இதைப் பலபடி என்னும். பட்டறையில் பாலிமர் என்றால்தான் தெரியும்.

இந்தச் சங்கிலி எதிலிருந்து வருகிறது? எத்திலீன் என்றொரு வாயு. இரண்டு கார்பன்கள், நான்கு ஹைட்ரஜன்கள். இரண்டு கார்பனும் ஒன்றையொன்று இரண்டு கையாலும் பிடித்திருக்கும். அதுதான் இரட்டைப் பிணைப்பு. தூண்டிவிட ஏதாவது கிடைத்தால் ஒரு பிடி விடுபடும். விடுபட்ட கை பக்கத்து மூலக்கூறைப் பிடிக்கும், அது அடுத்ததைப் பிடிக்கும். பாலிஎத்திலீன் ரெடி. 1933-இல் இங்கிலாந்தில் இம்பீரியல் கெமிக்கல் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஃபாசெட், கிப்சன் என்ற இருவர் எத்திலீனை வேறு எதற்காகவோ கடும் அழுத்தத்தில் வைத்தார்கள். பாத்திரத்தின் அடியில் மெழுகு மாதிரி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. அதுதான் இன்று நம் கையிலிருக்கும் கேரி பேக்.

இனிமேல்தான் விஷயம். எத்திலீனின் நான்கு ஹைட்ரஜன்களில் ஒன்றை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் துண்டுக்கு வினைல் என்று பெயர். காலியான இடத்தில் எதைத் தொங்கவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

குளோரின் தொங்கினால் வினைல் குளோரைடு, சங்கிலியானால் பாலிவினைல் குளோரைடு, சுருக்கமாக பி.வி.சி. ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்தில் தொங்கினால் பாலிபுரோப்பிலீன். ஆறு கார்பன்கள் வட்டமாகக் கைகோத்த பென்சீன் வளையம் தொங்கினால் பாலிஸ்டைரீன், அதாவது தயிர் கப்பும் தெர்மாகோலும். அசிட்டேட் தொங்கினால் தச்சர் தடவும் வெள்ளைப் பசை. இந்த நாட்டில் சுவருக்கு அடிக்கும் பெயிண்டைக்கூட மக்கள் "பி.வி.ஏ." என்றுதானே கேட்டு வாங்குகிறார்கள்? பாலிவினைல் அசிட்டேட்டின் சுருக்கம்தான் அது. பெயிண்ட் கடைக்காரர் தினமும் வேதியியல் பேசிக்கொண்டிருக்கிறார், அவருக்கே தெரியாது.

தொங்குவது சின்னதுதான், குணம் தலைகீழாக மாறிவிடுகிறது. பாலிஎத்திலீனில் தொங்குவது வெறும் ஹைட்ரஜன். சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதனால்தான் தொட்டால் மெழுகு மாதிரி இருக்கிறது, நகம் பதிகிறது. பாலிஸ்டைரீனில் தொங்கும் வளையம் பெரிது. சங்கிலி திரும்ப இடமில்லை. வளைத்தால் படக்கென்று உடைகிறது. பி.வி.சி.யில் குளோரின் பக்கத்துச் சங்கிலியைக் கெட்டியாக இழுத்துப் பிடிக்கிறது. அது மட்டும் இருந்தால் பி.வி.சி. விறைத்த கட்டை. நடுவே எண்ணெய் மாதிரியான இளக்கியைச் சேர்த்தால் சங்கிலிகளுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும், விறைப்பு போய்விடும். 1926-இல் அமெரிக்காவில் வால்டோ செமன் கண்டுபிடித்த வித்தை இது. தண்ணீர்க் குழாயும் மேஜை விரிப்பும் மழைக் கோட்டும் ஒரே பொருள் என்றால் புதியவர்கள் நம்புவதில்லை. எல்லாம் பி.வி.சி.தான், சேர்த்த எண்ணெயில்தான் வித்தியாசம்.

இங்கே பல பழைய வீடுகளில் தாத்தாவின் இசைத்தட்டுப் பெட்டி ஒன்று பரணில் இருக்கும். அதிலுள்ள பழைய கனத்த தட்டுகள் அரக்கில் செய்தவை. நம்ம ஊர் அரக்குப் பூச்சி தந்த அதே அரக்குதான். கீழே விழுந்தால் ஓடாக நொறுங்கும். 1948-க்குப் பிறகு வந்த, நீண்ட நேரம் பாடும் தட்டுகள் வினைல். வளையும், சட்டென்று உடையாது. வினைல் குளோரைடும் வினைல் அசிட்டேட்டும் கலந்து கோத்த சங்கிலி அது. தெரியாமல் அதையும் கறுப்புப் பையில் போட்டுவிடாதீர்கள், தாத்தா விடமாட்டார்.

ஒரு வெளியாளும் உண்டு. தண்ணீர் பாட்டில் பெட் என்னும் பாலியெஸ்டர். வினைல் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதன் சங்கிலியில் வெறும் கார்பன் மட்டும் கிடையாது, நடுநடுவே ஆக்ஸிஜன் வரும். கலர் கலரான பாலியெஸ்டர் சேலைத் துணியும் அந்தச் சங்கிலிதான். நம் மூட்டையில் எடையும் காசும் அதில்தான் அதிகம். அதன் பரம எதிரி பி.வி.சி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம்

கையுறை, கத்தரிக்கோல், மூன்று வாளி, ஒரு பாக்கெட் கல்லுப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு, சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட் ஒரு பாட்டில். இது போதும். ஸ்பிரிட் தீப்பற்றும், அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் தூரத்தில் வையுங்கள்.

முதல் படி, பொருளைத் திருப்பி அடியைப் பாருங்கள். முக்கோண அம்புக்குள் ஓர் எண் இருக்கும். 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்காரர்கள் கொண்டுவந்த முறை. 1 பெட், 2 அடர்த்தியான பாலிஎத்திலீன், 3 பி.வி.சி., 4 அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீன், 5 பாலிபுரோப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 என்றால் மற்றவை. 7 என்பது விடை தெரியாதவன் எழுதும் விடை மாதிரி. அதை அப்படியே தனியாக வைத்துவிடுங்கள்.

எண்ணை மட்டும் நம்பினால் பாதி மூட்டை நின்றுவிடும். அழிந்திருக்கும், ஒட்டிய தாளுக்கு அடியில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. மூடியில் ஓர் எண், பாட்டிலில் வேறு எண். எண் ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

இரண்டாம் படி, கையும் காதும். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் கோயில் சமையல்கட்டில் நாற்பது வருடம் பாத்திரம் கழுவிய ஓர் ஆயா. வகை பிரிக்க உட்கார்ந்த முதல் நாள் நான் எண்ணைத் தேடிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு டப்பாவை எடுத்து விரல் நுனியால் தட்டினார். "கேளு தம்பி. இது டிங்குங்குது, தகரம் மாதிரி. அது தொப்புங்குது." டிங் பாலிஸ்டைரீன், தொப் பாலிஎத்திலீன். அவருக்குப் பென்சீன் வளையம் தெரியாது, ஆனால் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அவரிடம் கற்றதையும் பட்டறையில் கற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன். நகத்தால் கீறினால் தடம் பதிந்து மெழுகாகத் தெரிந்தால் பாலிஎத்திலீன். கீறலுக்கு அவ்வளவாக அசையாமல், மூடியும் உடலும் ஒரே துண்டாக இருந்து நூறு தடவை திறந்து மூடினாலும் அந்த மடிப்பு அறுந்து போகாவிட்டால் பாலிபுரோப்பிலீன்; ஷாம்பு மூடியைப் பாருங்கள். நம் வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பா காலியானதும் பருப்பும் மீன் குழம்பும் போட்டு ஃப்ரீசரில் வைப்போமே, அவற்றில் பெரும்பாலும் இந்த வகைதான். (ஐஸ்கிரீம் என்று நம்பித் திறந்து ஏமாறாத பிள்ளை டர்பனில் இல்லை.) பிளாஸ்டிக் பைகளில் கசக்கினால் சரசரவென்று பேசுவது அடர்த்தியான பாலிஎத்திலீன், பட்டு மாதிரி சத்தமில்லாமல் கசங்குவது அடர்த்தி குறைந்தது. அரிசிச் சாக்கு நெய்த பாலிபுரோப்பிலீன். கனமாக, புது மழைக் கோட்டு மாதிரி வாடை அடிக்கும் தார்ப்பாய் பி.வி.சி. பூசியது, லேசான நீலத் தார்ப்பாய் பாலிஎத்திலீன்.

மூன்றாம் படி தண்ணீர். சந்தேகமுள்ள பொருளிலிருந்து கட்டைவிரல் நகம் அளவு துண்டு வெட்டுங்கள். முதல் வாளியில் சாதாரணத் தண்ணீர், அதில் இரண்டு சொட்டு சோப்பு. சோப்பு ஏன் என்றால், இல்லாவிட்டால் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டு முழுக வேண்டியதும் மிதக்கும். துண்டை விரலால் முழுக்கி அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். இவற்றின் அடர்த்தி சுமார் 0.90 முதல் 0.97 வரை, தண்ணீரைவிட லேசு. முழுகினால் பாலிஸ்டைரீன், பெட், பி.வி.சி. ஆகியவற்றில் ஒன்று.

தெர்மாகோலை இதில் போடாதீர்கள். அது பாலிஸ்டைரீன்தான், ஆனால் உள்ளே முக்கால்வாசிக்கு மேல் காற்று. எதைச் சொன்னாலும் மிதக்கும்.

முழுகியதை இரண்டாம் வாளிக்கு மாற்றுங்கள். ஒரு லிட்டருக்கு 200 கிராம் கணக்கில் உப்புக் கரைத்த தண்ணீர். இதில் பாலிஸ்டைரீன் மேலே வந்துவிடும், அதன் அடர்த்தி 1.05 அளவுதான். பெட்டும் பி.வி.சி.யும் இங்கேயும் அடியிலேயே கிடக்கும்.

முதல் வாளியில் மிதந்ததை மூன்றாம் வாளியில் போடுங்கள். ஸ்பிரிட்டும் தண்ணீரும் சம அளவு. அடர்த்தி ஏறக்குறைய 0.93 வரும். அடர்த்தியான பாலிஎத்திலீன் முழுகும், அடர்த்தி குறைந்த பாலிஎத்திலீனும் பாலிபுரோப்பிலீனும் மிதக்கும். வாளி நிறைய வேண்டாம், ஒரு ஜாம் பாட்டில் அளவு கலந்தால் போதும். ஸ்பிரிட் விலை தெரியுமல்லவா?

ஒரு பொறி: பந்தல் நாற்காலி. உடைந்த வெள்ளை நாற்காலித் துண்டு சில சமயம் தண்ணீரில் முழுகும். உடனே பி.வி.சி. என்று முடிவு கட்டாதீர்கள். அது பாலிபுரோப்பிலீனில் சுண்ணாம்புத் தூள் கலந்தது. செலவு குறையவும் விறைப்பு கூடவும் கலப்பார்கள். நாற்காலிகளைத் தனியாகவே கட்டிவிடுங்கள், வாங்குகிறவருக்குத் தெரியும்.

பெட்டா, பி.வி.சி.யா

எல்லாச் சண்டையும் இங்கேதான். பெட்டின் அடர்த்தி 1.38 அளவு. விறைப்பான பி.வி.சி.யும் கிட்டத்தட்ட அதேதான். எந்த உப்புத் தண்ணீரும் இந்த இரண்டையும் பிரிக்காது. இரண்டும் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும் வேறு.

பிரித்தே ஆக வேண்டுமா? ஆக வேண்டும். பெட் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டுக்குப் போவதற்கு வெகு முன்பே பி.வி.சி. கெட்டுப்போகிறது. சங்கிலியில் தொங்கிய குளோரின் பக்கத்து ஹைட்ரஜனைக் கூட்டிக்கொண்டு ஹைட்ரஜன் குளோரைடாகப் பிய்த்துக்கொண்டு வெளியேறும். ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலம் பெட் சங்கிலியை வெட்டும், இயந்திரத்தை அரிக்கும், மிச்சமான பி.வி.சி. கரியாகிக் கறுப்புப் புள்ளியாக நிற்கும். பத்து லட்சம் பங்கு பெட்டில் நூறு பங்கு பி.வி.சி. இருந்தால்கூடச் சரக்கு பாழ்.

நான் இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்தும், வேலைக்குச் சேர்ந்த புதிதில், கழுவி அரைத்த ஒரு லாரி பெட் செதில் அப்படியே திரும்பி வந்தது. பாட்டில்களெல்லாம் பெட்தான், நானே பார்த்துப் பிரித்தேன். பாட்டிலைச் சுற்றி இறுக்கமாகச் சுருங்கி ஒட்டியிருந்த வண்ண உறையைத்தான் நான் கவனிக்கவில்லை. சில உறைகள் பி.வி.சி. வாங்கியவர் ஒரு தகட்டை உருக்கி என் கையில் கொடுத்தார். மஞ்சளடித்துப் போய், எள்ளுருண்டையைப் பொடித்துத் தூவின மாதிரி கறுப்புப் புள்ளி. அதை ரொம்ப நாள் மேஜையில் வைத்திருந்தேன்.

ஆகவே உறையை முதலில் கிழித்துவிடுங்கள். பிறகு பாட்டிலின் அடியைப் பாருங்கள். பெட் பாட்டிலின் அடியில் நட்டநடுவே சின்னக் குமிழ் மாதிரி ஒரு புள்ளி இருக்கும். அச்சுக்குள் பிளாஸ்டிக்கை ஊசி போட்ட இடம் அது. குறுக்கே ஒரு கோடு ஓடினால் அது பெட் கிடையாது. குழாயாக இழுத்து, அச்சின் இரண்டு பாதியால் கிள்ளி ஊதிய பாட்டில் அது. பால் கேனில் அந்தக் கோட்டைத் தெளிவாகப் பார்க்கலாம். பால் கேன் மங்கலாக இருப்பதால் குழப்பம் வராது. தெளிவான பாட்டிலில் கோடு தெரிந்தால் பி.வி.சி. என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்து, பாட்டிலின் பக்கத்தை அழுத்தி மடித்துவிட்டுப் பிரியுங்கள். மடித்த இடம் பால் மாதிரி வெளுத்துக் கோடு விழுந்தால் பி.வி.சி. பெட்டில் மடிப்பு இருக்கும், அந்த வெளுப்பு வராது. பத்து பாட்டில் மடித்துப் பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும்.

கடைசிச் சந்தேகத்துக்குச் செம்புக் கம்பி. இதைப் பிள்ளைகள் தனியாகச் செய்யக் கூடாது. பெரியவர் ஒருவர், வெட்டவெளியில், காற்று முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று செய்ய வேண்டும். ஜெர்மானியக் குடும்பத்தில் வந்த ரஷ்ய வேதியியலாளர் பைல்ஸ்டைன் 1872-இல் சொன்ன சோதனை இது. ஒரு கட்டையில் செருகிய செம்புக் கம்பியைக் கேஸ் அடுப்புச் சுடரில் காட்டுங்கள், சுடரில் நிறம் ஏதும் வராத வரை. சூடான நுனியால் துண்டைத் தொடுங்கள்; மிளகளவு ஒட்டினால் போதும். மறுபடி சுடரில் காட்டினால், குளோரின் இருந்தால் பச்சைச் சுடர் எழும்பும். நல்ல பச்சை, மரகதம் மாதிரி. பெட்டில் பச்சை வராது. ஒரு வகைக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். வேடிக்கைக்காகத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள், அந்தப் புகை நல்லதில்லை, மோந்து பார்க்கவே வேண்டாம்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: "அப்போ எங்க வீட்டுத் தண்ணிக் குழாய் பி.வி.சி.யாச்சே?" குழாயைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. சங்கிலியாகக் கோக்கும் முன்பு இருக்கிற வினைல் குளோரைடு வாயுதான் புற்றுநோய் தரும். 1974-இல் அமெரிக்காவின் லூயிவில்லில் பி.வி.சி. ஆலைத் தொழிலாளர்களிடம் அபூர்வமான ஈரல் புற்றுநோய் தெரியவந்த பிறகு உலகம் முழுக்க ஆலை விதிகள் இறுகின. கோத்து முடித்த சங்கிலி வேறு பொருள். ஆனால் அதைக் கொல்லைப்புறத்து டிரம்மில் போட்டு எரிக்கிறீர்களே, அதுதான் பயப்பட வேண்டிய விஷயம். மேலே சொன்ன அமிலம் அப்படியே பக்கத்து வீட்டு மூக்குக்குப் போகும், கூடவே டையாக்ஸின் போன்ற கொடிய பொருள்களும் உண்டாகும்.

மூட்டை கட்டும்போது

பெட் பாட்டிலின் மூடியைக் கழற்ற நேரமில்லாவிட்டால் பரவாயில்லை. மூடி பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். பட்டறையில் அரைத்துத் தண்ணீரில் போட்டதும் அது மிதக்கும், பெட் முழுகும், தானாகப் பிரிந்துவிடும். மூன்றாம் படியில் நீங்கள் வாளியில் செய்ததைத்தான் பட்டறையில் தொட்டி கட்டிச் செய்கிறோம். பாட்டிலுக்குள் இருக்கும் தண்ணீரை மட்டும் கொட்டிவிடுங்கள், எடையில் தண்ணீரை விற்றால் அடுத்த வருடம் நம் மூட்டையை யாரும் எடுக்க மாட்டார்கள். எண்ணெய்க் கேனைத் தனியே வையுங்கள். பிரியாணி ஒட்டிய தெர்மாகோல் பெட்டி குப்பைக்குத்தான், அதில் மனதை வருத்த வேண்டாம்.

பெட் ஒரு மூட்டை, பால் கேன் ஒரு மூட்டை, பாலிபுரோப்பிலீன் டப்பா ஒரு மூட்டை, பைகள் ஒரு மூட்டை. பி.வி.சி. எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் தனிப் பை, சிவப்புக் கயிறு. எந்த வகையென்று முடிவாகாதது எதுவும் பெட் மூட்டைக்குள் போகக் கூடாது. சந்தேகப் பை என்று ஒன்றை வைத்து அதில் போடுங்கள்; நான் சாயங்காலம் வந்து பார்க்கிறேன்.

வெட்டிய துண்டுகள் மிதக்கும் வாளித் தண்ணீரைச் சாக்கடையில் அப்படியே கவிழ்க்காதீர்கள். 2017 அக்டோபர் புயலில் துறைமுகத்தில் கன்டெய்னர்கள் கவிழ்ந்து 49 டன் பாலிஎத்திலீன் குருணை கடலில் கொட்டியது. மாதக்கணக்கில் ஆட்கள் கடற்கரையில் உட்கார்ந்து சல்லடையால் அரித்தார்கள், நானும் இரண்டு ஞாயிறு போனேன். மணலோடு மணலாக, ஜவ்வரிசி மாதிரி. மிதக்கும் குணம் வாளியில் நமக்கு உதவி, கடலில் அதுவே தொல்லை. பழைய வேட்டித் துணி ஒன்றை மடித்து வாளி வாயில் கட்டி வடித்துக் கொட்டுங்கள். துணியில் தங்கியதை உதறி, அதுவும் சந்தேகப் பைக்குள்.